வரவுப் பதிவேட்டுக் கையெழுத்து சம்மதம் ஆகாது

வன்னியில் அரச அபிவிருத்தி வேலைகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்களின் தலைவர்களுக்கும், அந்தக் கூட்டங்களில் அமரும் பாராளுமன்ற உறுப்பினர்கள், பிரதேச சபைத் தவிசாளர்கள், பிரதேச செயலர்கள், திணைக்களத் தலைவர்களுக்கும்,

‘மக்களுடன் கலந்துரையாடி, அவர்களின் சம்மதத்துடன் இவ்வேலைத்திட்டம் முன்னெடுக்கப்படுகிறது’ என்ற வரி இப்போது வன்னியில் நடக்கும் பெரும்பாலான வேலைகளின் அறிக்கைகளில் இருக்கிறது. அந்த வரிக்கு ஆதாரமாகப் பின்னால் ஒரு தாள் குத்தப்பட்டிருக்கும். தொடர் இலக்கம், பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கையொப்பம் என்று ஆறு நிரல்கள். மேலே கூட்டத்தின் பெயரும் திகதியும். அவ்வளவுதான்.

இந்தத் தாள் எப்படி நிரம்புகிறது என்பது கிராமத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் தொடங்க முன்னரே வாசலில் ஒரு மேசையில் இருக்கும். கையெழுத்து வைத்தால்தான் உள்ளே போகலாம். உத்தியோகத்தர் வர ஒரு மணித்தியாலம் பிந்தினால், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர்களின் கையெழுத்து தாளில் இருக்கும். கூட்டத்தில் எழுந்து ‘இந்த இடத்தில் இது சரிவராது’ என்று சொன்னவரின் கையெழுத்தும், பக்கத்தில் இருந்து தலையாட்டியவரின் கையெழுத்தும் ஒரே நிரலில்தான் கிடக்கும். விருப்பமா, விருப்பமில்லையா, நிபந்தனையோடு விருப்பமா என்று கேட்கும் நிரல் அந்தத் தாளில் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து யாராவது கேள்வி கேட்டால் அதே தாளைத் தூக்கிக் காட்டி, ‘நீங்களும் கையெழுத்து வைத்திருக்கிறீர்களே’ என்கிறார்கள். வந்தவர் யார் என்று எழுதிய தாள், ஒத்துக்கொண்டவர் யார் என்று காட்டும் தாளாக மாறிவிடுகிறது. இதைத்தான் எங்களால் இனியும் பேசாமல் ஏற்க முடியவில்லை.

எங்களை நீங்கள் கூப்பிடுவதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கூப்பிடுகிறீர்கள். தீர்மானித்ததை அறிவிக்கவும், பயனாளிப் பட்டியலைப் படிக்கவும் கூப்பிடுகிறீர்கள். தீர்மானம் எடுக்கும் மேசைக்கு மட்டும் கூப்பிடுவதில்லை.

யானை வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலு மாவட்டத்திலும் காடோரக் கிராமங்களின் முதல் கோரிக்கை அதுதான். மின்வேலி ஒன்றும் மந்திரம் இல்லை. சோலார் தகடு, பற்றறி, மின்துடிப்பு அனுப்பும் பெட்டி, கம்பங்கள், கம்பி, நிலத்தில் அடிக்கும் தரைக்கம்பிகள், அவ்வளவும்தான் அதன் உறுப்புகள். பெட்டி ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு துடிப்பு அனுப்பும். யானை கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் உடம்பால் இறங்கி, மண்ணால் ஓடி, தரைக்கம்பி வழியே பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் யானைக்கு அடிக்கும். மண் ஈரமாக இருக்கும் மார்கழியில் வேலியைப் பரிசோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆடி, ஆவணியில் மணல்தரை காய்ந்து மாவாகிவிட்டால் மின்சாரம் திரும்பி ஓட வழியில்லை. கம்பியில் மின் இருக்கும், யானைக்கு அடிக்காது. இதற்கு மருந்து தரைக்கம்பிகளைக் கூட்டி, ஈரம் கிடக்கும் பள்ளத்தில் ஆழமாக அடிப்பது. அல்லது மின்கம்பிகளுக்கு இடையே ஒரு கம்பியைத் தரைக்கம்பியோடு சேர்த்து இழுத்துவிடுவது. அந்தக் காணியில் எந்த இடம் ஆவணியிலும் ஈரம் காக்கும் என்று அங்கே மாடு மேய்க்கும் பிள்ளைக்குத் தெரியும். வேலியின் மதிப்பீட்டைத் தயாரித்தவர் அந்தப் பிள்ளையிடம் கேட்டதாக எந்தப் பைலிலும் இல்லை.

பிறகு புல். மழை தொடங்கி மூன்று வாரத்தில் புல் கீழ்க்கம்பியைத் தொடும், மின்சாரம் அதனால் மண்ணுக்குக் கசியும். பெட்டியருகே 7,000 வோல்ற் காட்டும் வேலி, கடைசிக் கம்பத்தில் பாதியும் காட்டாது. யார் புல் வெட்டுவது, எந்தக் காசில், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது வேலி போட முன்னர் பேசி முடிக்க வேண்டிய விடயம். வேலியைத் திறந்துவைத்த பிறகுதான் அந்தக் கேள்வி எழுகிறது. எல்லாவற்றிலும் பெரிய பிழை வேலி போகும் கோடு. வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் நடுவில் உள்ள எல்லையில் கோடு இழுத்து வேலி போட்டால், வேலிக்கு இரு பக்கமும் காடு, இரு பக்கமும் யானை. வயலுக்கு அது தடையே இல்லை. ஊரைச் சுற்றியும், விதைப்புக் காலத்தில் வயல் துண்டத்தைச் சுற்றியும் வேலி வேண்டும் என்று மனித–யானை மோதலைத் தணிக்க 2020 இல் தயாரான தேசிய செயற்றிட்டமே சொல்கிறது. அதற்கு எத்தனையோ வருடம் முன்னரே கிராமத்தவர்கள் அதைச் சொல்லிவிட்டார்கள். நெல் குடலை தள்ளும் நேரத்தில் யானை எந்தப் பக்கத்தால் இறங்கும், எந்த ஓடையால் திரும்பும் என்பதை இரவுக் காவல் கொட்டிலில் படுத்தவர்கள் வரைபடம் இல்லாமலே சொல்வார்கள். இது கண்ணீர்க் கதை இல்லை. பொறியியல் தரவு. எங்கள் அனுபவத்தை நீங்கள் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை.

உள்ளூர் றோட்டும் அப்படித்தான். கொங்கிறீற் வீதி வளவுகளைவிட ஒரு அடி உயர்ந்து வருகிறது. மதகு மதிப்பீட்டில் இருந்த இடத்தில் கட்டப்படுகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் எந்த வளவால் வந்து எந்த வளவால் வடியும் என்று கேட்டிருந்தால் மதகு இருபது யார் தள்ளிப் போயிருக்கும். இப்போது அந்த வீதியே அணைக்கட்டாகிக் கிணறுகளுக்குள் மலசலகூடத் தண்ணீர் போகிறது.

எங்கள் சனம் போர் முடிந்த பிறகு வந்த ஆணைக்குழுக்களை அறியாதவர்கள் இல்லை. 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்ந்தது. 2014 தொடக்கத்தில் காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு அதே கிளிநொச்சியில் தன் முதல் அமர்வை வைத்தது. 2016 இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி நாடு முழுவதும் 7,300க்கும் மேற்பட்ட சமர்ப்பணங்களைப் பெற்றது. அதன் அறிக்கை 2017 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. அடுத்த மாதம், பெப்ரவரி 20 அன்று, காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். மார்ச்சில் முல்லைத்தீவிலும் அமர்ந்தார்கள். அதே தாய், அதே பெயர், அதே திகதி, அதே இடம் என்று மூன்று நாலு ஆணைக்குழுவுக்குச் சொல்லி, ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்பட்டு, ஒன்றின் பிரதியும் கையில் கிடைக்காமல் போனவர்கள் அவர்களில் பலர். அனுபவத்தைக் கேட்பது வேறு, அனுபவம் உள்ளவரைத் தீர்மானத்தில் சேர்ப்பது வேறு. முதலாவதை இந்த நாடு திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது. இரண்டாவதைச் செய்ததில்லை. அதனால்தான் ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று நீங்கள் மைக்கை நீட்டும்போது பின்வரிசையில் இருப்பவர்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள். அதை அக்கறையின்மை என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

கலந்தாலோசித்து முடிவெடுப்பது எப்படி என்று வன்னிக்கு யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து படிப்பிக்கத் தேவையில்லை. எங்களிடம் பயிர்ச்செய்கைக் கூட்டம் இருக்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை, பாவற்குளம் என்று பெரிய குளங்கள் எல்லாவற்றுக்கும் போகத்துக்கு ஒரு கூட்டம். தலைமை வகிப்பவர் மாவட்டத்தின் அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலர். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து குளத்தின் மட்டம் இத்தனை அடி, எடுக்கக்கூடிய நீர் இத்தனை ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கர் அடி) என்று கணக்கு வைப்பார். ஒரு கணக்குக்குச் சொல்கிறோம்: கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எடுக்கக்கூடிய நீர் 20,000 ஏக்கர் அடி, வாய்க்கால் இழப்போடு ஏக்கருக்கு நாலு ஏக்கர் அடி என்றால் 5,000 ஏக்கர் விதைக்கலாம். கடதாசியில் கணக்கு முடிந்தது. அப்போதுதான் கூட்டம் தொடங்கும். இடதுகரை வாய்க்காலின் கடைசிப் பக்கத்தில் இருந்து ஒருவர் எழுந்து, மூன்றாம் மதகுக்குக் கீழே வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, துருசில் திறக்கும் தண்ணீர் எங்களுக்கு வர இரண்டு நாள் பிந்தும் என்பார். இன்னொருவர், எங்கள் பக்கம் மணல் கலந்த மண், நாலு ஏக்கர் அடி காணாது என்பார். விவசாயப் போதனாசிரியர் மூன்றரை மாத நெல்லினத்துக்குப் பதிலாக மூன்று மாத பிஜி 300 போட்டால் கடைசித் தண்ணீரை இரண்டு வாரம் முந்தி நிறுத்தலாம் என்பார். அது எங்கள் மண்ணுக்கு விளைச்சல் குறைவு என்று ஒருவர் மறுப்பார். வாதாடி வாதாடி 5,000 ஏக்கர் 4,500 ஆகும். வாய்க்கால் துப்புரவாக்கி முடிக்கும் நாள், முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை வெளியேற்றும் நாள், கடைசித் தண்ணீர் நாள் எல்லாம் கை உயர்த்தித் தீர்மானிக்கப்படும். அந்தத் தீர்மானத்துக்குச் சட்டவலு உண்டு. பிந்தி விதைத்தவர் தண்ணீர் கேட்க முடியாது. மாட்டை விட்டவர் தண்டம் கட்ட வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் சத்தம் இருக்கும், சண்டையும் வரும். ஆனாலும் அது நடக்கிறது, ஏனென்றால் பொறியியலாளரின் எண்ணும் கமக்காரரின் எண்ணும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில், தீர்மானத்துக்கு முன்னர் மோதுகின்றன. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதே மண்டபத்தில் இருக்கிறார். எடுத்த முடிவு சரியா பிழையா என்று மூன்று மாதத்தில் எல்லோரும் வயலில் நின்று பார்க்கலாம். பார்க்க முடிவதால் அடுத்த போகத்தில் அதே பிழையை அதே ஆள் அதே கூட்டத்தில் மறைக்க முடியாது.

ஆனால் அந்தக் கூட்டத்தையும் நாங்கள் குறைசொல்லாமல் விட மாட்டோம். பட்டியலில் இருப்பது காணிப் பெயர். குத்தகைக்குச் செய்பவர் அதே சேற்றில் நின்றாலும் அவரின் கை எண்ணப்படுமா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. கணவர் காணாமற்போன பெண் பதினைந்து வருடமாக அந்த வயலைத் தனியே செய்கிறார், காணி உத்தரவுப்பத்திரம் இன்னும் கணவர் பெயரில். மரணச் சான்றிதழ் எடுக்க அவருக்கு மனமில்லை. அதை நாங்கள் பிழை என்று சொல்ல மாட்டோம். காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொடுக்க 2016 இல் சட்டம் வந்தும், அதைக் கொண்டு காணிப் பெயரைப் பதிவுகளில் எப்படி மாற்றுவது என்று அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு வேறு பதில். அதனால் பக்கத்து வயல்காரர் ‘அவவுக்காகவும்’ கை உயர்த்துகிறார்.

நன்னீர் மீனவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் நிற்பார்கள். குளத்தில் கடைசியில் எத்தனை அடி தண்ணீர் விடுவது என்ற முடிவில்தான் அவர்கள் விட்ட மீன்குஞ்சின் உயிர் இருக்கிறது. ஆனால் அது கமக்காரர் கணக்கில் மீதமாக வரும் எண் மட்டும். பண்ணையாளருக்கு மாடு வெளியேற்றும் நாள் அறிவிக்கப்படுகிறது. எங்கே வெளியேற்றுவது என்று யாரும் சொல்வதில்லை. மேய்ச்சல்தரைகள் ஒவ்வொன்றாகக் காட்டு எல்லைக்குள் போய்விட்ட பிறகு, பட்டியை எங்கே கட்டுவது என்பது அவர் தனியே தீர்க்க வேண்டிய சிக்கலாகிறது. பிறகு அவர் மாட்டுக்குத் தண்டம் போடுகிறோம்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிக் குடவோலையைப் பற்றி நாங்கள் எல்லோரும் மேடையில் பெருமை பேசுகிறோம். அந்தக் கல்வெட்டிலேயே வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் இல்லாதவரின் பெயர் குடத்துக்குள் விழ முடியாது. குடவோலையில் எடுக்க வேண்டியது குலுக்கல் என்ற முறையை. நிபந்தனைகளை அல்ல. நிலமில்லாதவரின் பெயரையும் ஓலையில் எழுதுங்கள்.

பிந்திக் கேட்பதால் வரும் நட்டத்துக்கு இரணைமடுவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2010 இல் ஒப்புதல் பெற்ற யாழ்ப்பாணம்–கிளிநொச்சி குடிநீர்த் திட்டம் இரணைமடு நீரை நம்பி வரையப்பட்டது. சிறுபோகத்துக்கே தண்ணீர் பற்றாத குளத்தில் இருந்து வருடம் முழுவதும் குடிநீர் எப்படி எடுப்பது என்று கமக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி திட்டம் வரையும் மேசையில் எழுந்திருக்க வேண்டியது. தெருவிலும் மேடையிலும் எழுந்ததால் இரண்டு மாவட்டத்து மக்கள் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்க்கும் நிலை வந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் உப்பும் நைத்திரேற்றும் குடித்தவரின் அனுபவமும் எங்கள் அனுபவம் போலவே உண்மை. அந்த இரண்டு பேரையும் தொடக்கத்திலேயே ஒரு மேசையில் இருத்தியிருந்தால் பேசியிருப்பார்கள். கடைசியில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைதான் வந்தது, 2024 ஓகஸ்டில். இடையில் போன வருடங்களுக்கும், வளர்ந்த கசப்புக்கும் யார் கணக்குச் சொல்வது?

2018 மார்கழி வெள்ளத்தையும் நினைவுபடுத்துகிறோம். இரணைமடுவின் வான்கதவுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்பது பொறியியலாளரின் பொறுப்பு. அதில் நாங்கள் தலையிடக் கேட்கவில்லை. ஆனால் கதவு திறந்தால் எத்தனை மணித்தியாலத்தில் எந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் ஏறும், எந்த வீதி முதலில் அறும், யார் வீட்டில் எழும்ப முடியாத முதியவர் இருக்கிறார் என்பதை முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைச் சனம் அறிவர். அந்த அறிவு இடர் முகாமைத்துவத் திட்டத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

வீட்டுத் திட்டங்களில் இரண்டு பாடம் இருக்கிறது. இந்திய உதவியில் வந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 5,50,000 ரூபா தவணை தவணையாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வந்தது, அவர்களே மேசனைப் பிடித்துக் கட்டினார்கள். காசு காணாமல் கடன்பட்டவர்கள் உண்டு, அது உண்மைக் குறை. ஆனால் குசினி எந்தப் பக்கம், வாசல் எந்தத் திசை, பிறகு ஒரு அறை கூட்ட எங்கே இடம் விடுவது என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். அதன்பிறகு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் கொழும்பில் இருந்து இறங்கியது. வெக்கை, ஊர் மேசனால் திருத்த முடியாமை, கூட்டிக் கட்ட முடியாமை, செலவு என்று மக்களும் பொறியியலாளர்களும் சொன்ன மறுப்பு கொள்முதல் நடைமுறை தொடங்கிய பின்னர்தான் செவியேறியது. திட்டம் நின்றது. வீடு இல்லாதவர் தகரக் கொட்டிலில் மேலும் வருடங்கள் காத்திருந்தார்.

உங்கள் பக்கத்துப் பதில்களை நாங்கள் அறிவோம். முதல் பதில், நேரமில்லை: ஒதுக்கீடு ஓகஸ்ட், செப்ரெம்பரில் வருகிறது, டிசம்பர் 31க்குள் முடிக்காவிட்டால் காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும். உண்மைதான். ஆனால் அந்த நாலு மாதம்தான் காலபோக உழவும் விதைப்பும் களையும். நீங்கள் கூட்டம் வைக்க ஓடிவரும் நாளில் ஊரில் ஆண்களும் பெண்களும் வயலில் நிற்கிறார்கள். கூட்டத்துக்கு வருவது சங்கத் தலைவரும் செயலாளரும் மட்டும். ஊரின் தேவைப் பட்டியலை அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில் பேசி, முன்னுரிமை ஒழுங்கில் எழுதி, மதிப்பீட்டோடு வைத்திருந்தால் காசு எந்த மாதம் வந்தாலும் முதல் வேலையைத் தொடங்கலாம்.

அடுத்த பதில், ‘மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்களே’ என்பது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, இதை எழுதும் நாள்வரை தேர்தல் இல்லை. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் இருந்து 2025 மே தேர்தல்வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. அந்தக் காலம் முழுக்க ஒருங்கிணைப்புக் குழு மட்டும்தான் இயங்கிய மேசை. அதில் நிலமில்லாக் கூலிக்காரருக்கோ, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ, குடும்பத்தைத் தனியே கொண்டுநடத்தும் பெண்ணுக்கோ ஒரு கதிரை இல்லை. அவர்களை ‘சங்கங்கள்’ பிரதிநிதித்துவம் செய்கின்றன என்று சொல்லாதீர்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோயில் சபை மூன்றிலும் ஒரே ஐந்து பெயர் இருக்கும் ஊர்கள் எத்தனை என்று உங்கள் கிராம அலுவலர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஐந்து பேரில் பலர் ஊருக்கு உழைத்தவர்கள். ஆனால் ஊர் என்பது ஐந்து பேர் அல்ல.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

வரவுப் பதிவேட்டை வரவுக்கு மட்டும் வையுங்கள். தீர்மானத்துக்கு வேறு தாள் வேண்டும்: ஆதரவு, எதிர்ப்பு, நிபந்தனையுடன் ஆதரவு என்று மூன்று எண்ணிக்கையும், எதிர்த்தவர் சொன்ன காரணம் அவர் சொன்ன சொல்லிலேயும். கூட்டம் கலைய முன் அதைச் சத்தமாக வாசியுங்கள். ஏழு நாளுக்குள் அதன் பிரதி கிராம அலுவலர் அலுவலகத்திலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து 14 வேலைநாள் காத்திருந்து எங்கள் கூட்டத்தின் அறிக்கையை நாங்களே கேட்டு வாங்கும் நிலை இருக்கக் கூடாது.

ஒவ்வொரு பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் 12 கதிரைகளைப் பொதுமக்களுக்கு ஒதுக்குங்கள். கிராம அலுவலரின் குடும்பப் பட்டியலில் இருந்து எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கித் தெரியுங்கள். ஆறு பேர் பெண்கள். குத்தகைக் கமக்காரர், பண்ணையாளர், மீனவர், கூலித்தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள் ஒவ்வொரு பகுதியிலும் ஒருவராவது வரும்படி சீட்டைத் தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். தவணை ஆறு மாதம், பிறகு புதிய சீட்டு. வரும் நாளுக்கு ஊரில் நடப்பில் உள்ள ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கொடுங்கள். கூலி கொடுக்காவிட்டால் கூலிக்காரர் வரமாட்டார், திரும்பவும் ஓய்வூதியம் எடுப்பவர்களே வருவார்கள். அவர்களின் முறை தீர்மானத்துக்கு முன்னர் வர வேண்டும். ‘ஏனைய விடயங்கள்’ என்று கடைசியில் அல்ல. பிரதேச சபைத் தவிசாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சபையின் குழுக்களில் சேர்க்க இடம் தருகிறது. அதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

எந்த வேலையாக இருந்தாலும் பத்து நாளுக்கு முன் ஒரு பக்கத் தாள் ஊருக்கு வர வேண்டும்: என்ன வேலை, எங்கே, எவ்வளவு காசு, யார் பராமரிப்பது, வேறு என்ன வழி பார்த்து ஏன் விடப்பட்டது. தமிழில். சிங்கள மக்கள் வாழும் பிரிவுகளில் சிங்களத்திலும். வரைபடம் இருந்தால் அதில் ஊரவர் சொல்லும் பெயரைப் போடுங்கள். காணித்துண்டு இலக்கம் பார்த்து எங்கள் அம்மாக்களுக்கு இடம் விளங்காது. ‘பெரிய நாவலடி மதகு’ என்றால் விளங்கும்.

மதிப்பீடு எழுத முன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஊரவர் ஆறு பேரோடு கோட்டின் முழுநீளமும் நடக்க வேண்டும். அதில் இரண்டு பேர் பெண்கள். மழைக்கால மட்டமும், யானைப் பாதையும், மாட்டு வழியும் அந்த நடையில் குறிக்கப்பட்டு, அந்தக் குறிப்பு மதிப்பீட்டின் முதல் இணைப்பாக வர வேண்டும்.

கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு, ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்திலோ பாடசாலையிலோ வையுங்கள். சக்கர நாற்காலி ஏற முடியாத படியுள்ள மண்டபம் வேண்டாம். வன்னியில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. விதைப்புக்கும் அருவி வெட்டுக்கும் நடுவில் வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் சனம் போகும் நாட்களில் வேண்டாம். பெண்கள் மட்டும் அமரும் ஒரு வட்டம் அரை மணித்தியாலம் முதலில் கூடிப் பேசி, அவர்களில் ஒருவர் அந்தக் கருத்தைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கட்டும். உத்தியோகத்தர் முன்மேசையில் இருந்து பேசுவதைவிட வட்டத்தில் ஒரு கதிரையில் இருந்தால் கூட்டம் வேறு விதமாகப் போகும்.

எங்கள் யோசனையை நீங்கள் ஏற்க முடியாத இடங்கள் இருக்கும். காசு இல்லை, சட்டம் இடம்தராது, தொழில்நுட்பம் ஒத்துவராது. அதை 14 நாளுக்குள் காரணத்தோடு எழுதித் தாருங்கள். எழுத்தில் வந்த மறுப்புக்கு நாங்கள் பதில் எழுதலாம். மௌனத்துக்கு எழுத முடியாது.

பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் பெயர்ப்பட்டியலில் குத்தகைக் கமக்காரரையும், வயலைத் தனியே செய்யும் பெண்களையும் அவர்களின் சொந்தப் பெயரில் சேருங்கள். குளத்தின் கடைசி மட்டத்தைத் தீர்மானிக்கும்போது நன்னீர் மீனவரின் கையை எண்ணுங்கள். மாடு வெளியேற்றும் நாளைத் தீர்மானிக்கும் அதே கூட்டத்தில் மாடு போகும் இடத்தையும் தீர்மானியுங்கள்.

ஆணைக்குழுக்களுக்குச் சாட்சியம் சொன்ன ஒவ்வொருவருக்கும் அவர் சொன்னதன் பிரதி அவரின் மொழியில் கிடைக்க, மாவட்டச் செயலகங்கள் ஊடாக நீங்கள் எழுத்தில் கோர வேண்டும். அது கிடைக்கும்வரை, புதிய விசாரணைக்கென்று அதே தாய்மாரைத் திரும்பவும் வாங்கில் இருத்தி அதே கேள்வியைக் கேட்பதை நீங்கள் ஆதரிக்கக் கூடாது.

இவற்றில் முதலாவது கோரிக்கைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஒரு சுற்றறிக்கையும் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம். மற்றவை பற்றிய உங்கள் எழுத்துமூலப் பதிலை வருகின்ற காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்னர், ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்தின் அறிவித்தல் பலகையிலும் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வன்னியின் குளக்கட்டோர, காடோரக் கிராமங்களின் கமக்காரர், பண்ணையாளர், நன்னீர் மீனவர், கூலித்தொழிலாளர்